மண் புரவி ஏன் நிலைப்பதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் அய்யனார் கோயிலுக்குக் களிமண்ணால் குதிரை செய்து, சுட்டு, வண்ணம் தீட்டி, ஊரே சுமந்துகொண்டு போய் வைப்பதைப் புரவி எடுப்பு என்பார்கள். வைத்த குதிரையை யாரும் பழுது பார்ப்பதில்லை. வெயிலிலும் மழையிலும் நின்று சில ஆண்டுகளில் அது உடைந்து விழுகிறது. பிறகு புதிய குதிரை வருகிறது. இந்தக் கோயில்களைப் பார்த்துவிட்டு வந்தவர்களும், வெளியூரில் வளர்ந்து திருவிழாவுக்கு மட்டும் வந்துபோகும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

உடைந்த குதிரைகள் அப்படியே கிடக்கின்றனவே, கோயிலைக் கவனிப்பார் இல்லையா?

முதல்முறை வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது இது. தலையில்லாத குதிரை, ஒரு காலில் சாய்ந்து நிற்கும் குதிரை, காது மட்டும் மண்ணுக்கு மேலே தெரியும் குதிரை என்று பார்த்தவுடன் கைவிடப்பட்ட இடம் என்றே தோன்றும். ஆனால் அதே கோயிலில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், அய்யனாருக்குப் புது வேட்டி சாத்தியிருக்கும்.

குதிரை கோயிலைச் சேர்ந்த நாளிலேயே நேர்த்திக்கடன் தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அது சாமியின் குதிரை. இரவில் ஊரைச் சுற்றிக் காவல் வருவதற்கு அய்யனார் ஏறும் வாகனம். அதை ஒட்டவைப்பதும், பூசி மெழுகுவதும், இடத்தை அடைக்கிறது என்று அப்புறப்படுத்துவதும் நம் வேலை இல்லை என்பதுதான் ஊர்க்காரர்களின் எண்ணம். அதனால் ஒரே வரிசையில் பல காலத்துக் குதிரைகளைப் பார்க்கலாம். முன்னால் நிற்பதில் வண்ணம் பளிச்சென்று இருக்கும். அதற்குப் பின்னால் நிறம் போய்ச் செம்மண் தெரியும். இன்னும் பின்னால் கால்கள் மட்டும். கடைசியில் ஓட்டுக் குவியல், அதன் நடுவே வேர் விட்ட மரம். ஊர் எந்தக் காலத்தில் செழிப்பாக இருந்தது, எப்போது குதிரை குறைந்தது என்பதை அந்த வரிசையை வைத்தே பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

குதிரை செய்வது எங்கிருந்து தொடங்குகிறது?

பிடிமண்ணிலிருந்து. ஊர்க் கூட்டத்தில் புரவி எடுப்பது என்று முடிவானதும், ஒரு பிடி மண்ணை வெற்றிலை பாக்கோடு வேளாரிடம் கொடுப்பார்கள். வேளார் என்போர் மண்பாண்டம் வனையும் சமூகத்தினர். பல அய்யனார் கோயில்களில் பூசாரியும் அவர்களே. பிடிமண் கைமாறிய பிறகு அவர் விரதம் இருந்து வேலையைத் தொடங்குவார். ஒரு பிடி மண்ணில் குதிரையின் குளம்பைக்கூடச் செய்ய முடியாது. ஆனால் அது கைமாறும்வரை குதிரை இல்லை, திருவிழாவும் இல்லை. பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடுவதைவிட இதை எங்கள் ஊர்களில் யாரும் குறைவாக மதிப்பதில்லை.

எல்லாம் குதிரை மட்டும்தானா?

இல்லை. குழந்தை வரம் வேண்டியவர்கள் மதலை எடுப்பார்கள்; மதலை என்பது மண்ணால் செய்த குழந்தைப் பொம்மை. மாட்டுக்கு நோய் தீர்ந்தால் மண் மாடு, கை கால் குணமானால் மண் கை, மண் கால். சிவகங்கைப் பக்கம் அரண்மனைப் புரவி என்று ஊர்ப் பொதுவில் எடுப்பது முதலில் போகும். தனியார் நேர்த்திப் புரவிகள் அதன் பின்னால் போகும்.

இவ்வளவு பெரிய குதிரையை எப்படிச் செய்கிறார்கள்?

இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். குதிரை எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான், அது உடையும் என்று தெரிந்தே ஒருவர் இத்தனை கவனத்தைக் கொட்டுவதன் அருமை தெரியும்.

கண்மாய்க் களிமண்ணை மட்டும் வைத்து ஆள் உயரக் குதிரை கட்ட முடியாது. காயும்போது சுருங்கி வெடித்துவிடும். அதனால் மணலும் உமியும், சில இடங்களில் நறுக்கிய வைக்கோலும் கலந்து, காலால் மிதித்துப் பதப்படுத்துவார்கள். முதலில் நான்கு கால்கள், உள்ளே கூடான குழாய்களாக எழும்பும். அவை இறுகிய பிறகே வயிறு. அவசரப்பட்டு மொத்தத்தையும் ஒரே நாளில் ஏற்றினால் மேல் பாரத்தில் கால் வளைந்துவிடும். ஆகவே கொஞ்சம் ஏற்றி, காயவிட்டு, விளிம்பு மட்டும் உலர்ந்துவிடாமல் ஈரத்துணி சுற்றிவைத்து, மறுபடி ஏற்றுவார்கள். உள்ளே ஒரு கையை அண்டக் கொடுத்து வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரைச் சீராக்குவார்கள். தலையையும் கழுத்தையும் வேறாகச் செய்து பொருத்துவதும் உண்டு. பிறகு மணிமாலை, சலங்கை, சேணம், கடிவாளம் என்று மண்ணிலேயே ஒவ்வொன்றாக உருட்டி ஒட்டுவார்கள். உடலில் ஆங்காங்கே துளை விட்டிருப்பார்கள். சுடும்போது உள்ளே சேரும் ஆவி வெளியேறாவிட்டால் குதிரை வெடித்துவிடும்.

நன்றாகக் காய்ந்த பிறகு சூளை. பெரிய குதிரையை நகர்த்த முடியாது என்பதால் அது நிற்கும் இடத்திலேயே சுற்றிலும் விறகு, வறட்டி, வைக்கோல் அடுக்கி, மேலே உடைந்த பானை ஓடுகளைப் பரப்பிச் சேறு பூசித் தீ வைப்பார்கள். ஆறிய பின் வெள்ளையடித்து வண்ணம் தீட்டுவார்கள். கண்ணைத் திறப்பது கடைசியில்.

மழைக்காலத்தில் மண் காயாது. புரவி எடுப்புகள் பெரும்பாலும் கோடையிலும் ஆடியை ஒட்டிய மாதங்களிலும் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சுட்ட மண் எளிதில் அழியாதே? கீழடியில் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய பானை ஓடுகள் கிடைக்கின்றனவே?

நல்ல கேள்வி. கீழடியும் இதே சிவகங்கை மாவட்டம்தான். அங்கே கிடைப்பவை மண்ணுக்குள் புதைந்து வெயிலும் மழையும் படாமல் இருந்தவை. அப்படியும் பெரும்பாலும் ஓடுகளாகத்தான் கிடைக்கின்றன. சுட்ட மண்ணில் நிலைப்பது ஓடு, உருவம் அல்ல.

திறந்த வெளியில் நிற்கும் குதிரையின் கதை வேறு. கலந்த உமி சூளையில் எரிந்துபோய் அந்த இடம் நுண்ணிய துளையாகிவிடுகிறது. வெடிக்காமல் காப்பாற்றிய அதே உமிதான், பிறகு தண்ணீர் இறங்கவும் வழி விடுகிறது. பகலில் சூடேறி, மழையில் சட்டென்று குளிர்ந்து, ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் ஒட்டிய இடங்கள் முதலில் விடும். காது, வால், சலங்கை என்று உதிரும். கழுத்து விரிசல் விடும். கிளை முறிந்து விழும், மேயும் மாடு உரசும், கூடான காலுக்குள் செடி வேர் விடும்.

ஒன்றைத் திருத்தமாகச் சொல்லிவிடுகிறேன். குதிரை மறுபடி களிமண் ஆகிவிடுகிறது என்று சிலர் அழகாக எழுதுகிறார்கள். சுமார் 600 டிகிரி சூடு கண்ட மண் மறுபடி குழையாது. எத்தனை மழை பெய்தாலும் அது ஓடாகவும் செம்பொடியாகவும் தரையில் கிடக்கும். கோயில் முற்றத்தில் நீங்கள் மிதித்து நடப்பது உங்கள் பாட்டன் காலத்துக் குதிரைகளைத்தான்.

மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்று பழமொழியே இருக்கிறதே?

சுடாத மண் குதிரை ஆற்றில் கரையும். சுட்ட குதிரை கரையாது, மூழ்கும். இரண்டையும் நம்பி ஆற்றில் இறங்க வேண்டாம். இந்தக் குதிரைகள் யாரையும் ஆற்றைக் கடத்திவிடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

சிமென்டில் செய்தால் நிலைத்து நிற்குமே? ஏன் திரும்பத் திரும்பச் செலவு?

பல ஊர்கள் இப்போது அப்படித்தான் செய்கின்றன. அவர்கள் சொல்லும் காரணங்களை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி போட்டு ஒவ்வொரு முறையும் பணம் திரட்டுவது சிரமம். பெரிய குதிரை கட்டத் தெரிந்த வேளார் பக்கத்து ஊர்களில் இல்லை. சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் பிள்ளைகள் ஒரே முறையாகப் பெரிய தொகை தருகிறார்கள்; தங்கள் பெயர் அதில் இருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு.

இருந்தாலும் என் எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன். சிமென்ட் குதிரை வந்த கோயிலில் குதிரை நிற்கும், புரவி எடுப்பு நின்றுவிடும். பிடிமண் கொடுக்கத் தேவையில்லை. கண்மாயில் எந்த மூலையில் நல்ல களி இருக்கிறது என்று யாரும் தேடிப் போக வேண்டியதில்லை. வேளார் வீட்டு வாசலுக்கு ஊர்ப் பெரியவர்கள் போய் நிற்க வேண்டியதில்லை. வரி பேசுவதற்காகக் கூடும் கூட்டம் இல்லை. ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருந்த பங்காளிகள் முகம் பார்த்துக்கொள்வதே அந்தக் கூட்டத்தில்தான். சுமப்பதற்குத் தோள் வேண்டியதில்லை. பெரிய புரவியைத் தூக்க எத்தனை ஆள் வேண்டும், வரப்பு திரும்பும் இடத்தில் யார் முன்னால் தாழ்த்த வேண்டும், யார் பின்னால் உயர்த்த வேண்டும் என்பதெல்லாம் தூக்கிப் பழகியவர்கள் இளவட்டங்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருவது. தூக்க ஒன்றும் இல்லாத ஊரில் அதைச் சொல்வதற்கு யாரும் இல்லை.

அதைவிடப் பெரிய இழப்பு கைவேலை. களிக்கு எவ்வளவு மணல், எவ்வளவு உமி என்பது எந்த ஏட்டிலும் இல்லை. மண்ணைப் பிசையும்போது விரலுக்குத் தெரிவது அது. காலின் சுவர் எவ்வளவு கனம், வயிற்றை எந்த ஈரத்தில் ஏற்றலாம் என்பதும் அப்படியே. ஒரு குடும்பத்தில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் யாரும் பெரிய குதிரை கட்டவில்லை என்றால் அடுத்த தலைமுறைக்கு அந்தக் கணக்கு தெரியாமல் போய்விடும். குதிரை உடைவதால்தான் மறுபடி செய்யச் சொல்கிறார்கள். மறுபடி செய்வதால்தான் செய்யத் தெரிந்தவர் இருக்கிறார். உடையாத ஒன்றை வைத்துவிட்டு அதைச் செய்யத் தெரிந்தவர்களை இழப்பது நமக்கு நல்ல பேரமாகத் தெரியவில்லை.

சிமென்டும் நிரந்தரம் இல்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். திறந்த வெளியில் நிற்கும் சிலையில் விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி, உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பி, சிமென்டைப் பிளந்துவிடும். அன்றைக்கு மண் குதிரைக்குத் திரும்பலாம் என்று ஊர் நினைத்தால், செய்து கொடுக்க ஆள் இருக்க வேண்டும்.

அப்படியானால் நிலையான குதிரை வைப்பது மரபே இல்லையா?

மரபுதான். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பெரிய சுதைக் குதிரைகள் பழைய கோயில்களில் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் நிற்கும் குதிரை 30 அடிக்கு மேல் உயரம். அங்கே மாசி மகத்தன்று என்ன நடக்கிறது என்று பாருங்கள். நேர்த்தி வைத்தவர்கள் குதிரையின் உயரத்துக்குக் காகிதப் பூ மாலை கட்டி, வேனிலும் லாரியிலும் ஏற்றி வந்து சாத்துகிறார்கள். மாலை மேல் மாலை விழுந்து குதிரையே மறைந்துபோகும். காகிதம் எத்தனை நாள் தாங்கும்? பனிக்கும் வெயிலுக்கும் சாயம் போய்க் கிழிந்துவிடும். அடுத்த மாசிக்குப் புது மாலை. குதிரை உடையாத இடத்தில், தங்கள் கையால் ஆண்டுதோறும் கொடுப்பதற்குச் சீக்கிரம் போகிற ஒரு பொருளை மக்களே கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இந்தத் திருவிழாவில் மிகவும் பிடித்தது இதுதான்.

எங்கள் அப்பத்தா நேர்ந்து வைத்த குதிரை உடைந்து கிடக்கிறது. பார்க்க மனம் கேட்கவில்லை. சரிசெய்யலாமா?

உங்கள் வருத்தம் புரிகிறது. அவர் இருந்த காலத்தில் கை வைத்த பொருள் என்று அது ஒன்றுதான் அங்கே இருக்கிறது என்றால், அது சிதைவதைப் பார்ப்பது இன்னொரு முறை அவரை இழப்பது போலத்தான் இருக்கும்.

ஆனால் உங்கள் அப்பத்தா அது உடையும் என்று தெரிந்தே வைத்தார். அவருக்கு முன்னால் வைத்தவர்களின் குதிரைகள் உடைந்து கிடந்த இடத்தில்தான் தன் குதிரையையும் நிறுத்தினார். எந்தக் குழந்தையின் காய்ச்சலுக்காக, எந்த வழக்குக்காக அவர் நேர்ந்தாரோ, அந்தக் காரியம் முடிந்து கடனும் அன்றே தீர்ந்துவிட்டது. சிமென்ட் வைத்து ஒட்டினால் அது அவருடைய குதிரையும் இல்லை, உங்களுடையதும் இல்லை.

செய்ய வேண்டும் என்று தோன்றினால், அடுத்த புரவி எடுப்பில் உங்கள் வீட்டுப் பெயரில் ஒரு குதிரைக்குச் சொல்லிவையுங்கள். இப்போதைக்கு அந்த உடைந்த குதிரையிடம் போய்க் குனிந்து, வயிற்றின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெளிப்பக்கம் வழவழவென்று இருக்கும். உள்பக்கம் யார் கண்ணிலும் படாது என்பதால் வேளார் அதைத் தேய்த்திருக்க மாட்டார். மண்ணை இழுத்து அமுக்கிய நான்கு விரல் தடங்கள் வரிவரியாக இருக்கும். எரிந்துபோன உமியின் அச்சு அரிசி அரிசியாகத் தெரியும். சுவரின் முறிந்த விளிம்பில் இரண்டு ஓரமும் சிவந்து, தீ சரியாக எட்டாத நடுப்பகுதி கறுத்திருக்கும். முழுக் குதிரையாக நின்றவரை இதில் எதையும் நீங்கள் பார்த்திருக்க முடியாது.

ஒரு துண்டை வீட்டுக்கு எடுத்து வரலாமா?

கூடாது. கோயிலுக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுப்பதாகும். ஊரார் மனமும் புண்படும்.

அருங்காட்சியகத்தில் வைத்துக் காப்பாற்றினால் என்ன?

சிலவற்றை வைக்கலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் அய்யனார் குதிரைகள் உண்டு. கிராமத்துக்கே போகாத குழந்தைகள் அங்கே முதல்முறையாகப் பார்க்கிறார்கள், அது நல்லதே.

ஆனால் பொருளைக் காப்பதும் வழக்கத்தைக் காப்பதும் வேறு வேறு வேலை. மேற்கு வங்கத்தின் பாங்குரா மாவட்டத்தில் பாஞ்ச்முரா என்ற ஊரின் மண் குதிரையும் கிராம தெய்வத்துக்கு நேர்ந்து வைத்ததுதான். பிறகு நாடெங்கும் வரவேற்பறை அலங்காரமாகி, இந்தியக் கைவினைகளின் சின்னமாகவே ஆனது. அங்குள்ள கைவினைஞர்களுக்கு அதனால் பிழைப்புக் கிடைத்திருக்கிறது. அலமாரியில் நிற்பதற்கு அளவாகச் செய்த குதிரை அது. ஊரே சேர்ந்து தூக்குகிற குதிரைக்குக் கடையில் விலை கிடையாது, ஊர்தான் கேட்க வேண்டும்.

தான் செய்தது உடைவதைப் பார்த்து வேளாருக்கு வருத்தம் இருக்காதா?

உடைவது அவர்களுக்குப் புதிதல்ல. சட்டியும் பானையும் வனைபவரின் பொருள் எல்லாமே ஒருநாள் உடைவதுதான். அவர்களுக்கு வருத்தம் தருவது வேறு. கண்மாயில் மண் எடுக்க அனுமதி கிடைக்காமல் அலைவது, விறகு விலை, ஊர் பிடிமண் கொடுக்காமல் ஆண்டுகள் போவது. விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியரின் அனுமதி பெற்று நீர்நிலைகளில் வண்டல் மண்ணும் களிமண்ணும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை 2024இல் தமிழ்நாடு அரசு எளிதாக்கியது. மண் வேண்டும் என்பவர்கள் கிராம அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ கேட்கலாம். மண் கிடைத்தாலும் குதிரை கேட்கும் ஊர் இருக்க வேண்டும்.

படம் எடுக்கலாமா?

பூசாரியிடம் கேட்டுவிட்டு எடுங்கள். சில கோயில்களில் கருவறைப் பக்கம் அனுமதி இல்லை. குதிரை மேல் சாய்ந்தோ ஏறியோ எடுக்க வேண்டாம். உள்ளே கூடானது, அழுத்தம் தாங்காது.

எங்கே, எப்போது பார்க்கலாம்?

குதிரை வரிசைகளைப் பார்க்க வேண்டும் என்றால் செட்டிநாட்டில் கொத்தரி சோலை ஆண்டவர் கோயிலும், புதுக்கோட்டைக்குத் தெற்கே நமணசமுத்திரம் பக்கம் இளங்குடிப்பட்டி அய்யனார் கோயிலும் போகலாம். புரவி எடுப்பையே பார்க்க வேண்டும் என்றால் சிவகங்கை மாவட்டத்தின் சிங்கம்புணரி, திருப்பத்தூர் சுற்று வட்டார ஊர்களில் விசாரியுங்கள். நாள் ஊருக்கு ஊர் மாறும். சில ஊர்களில் ஆண்டுதோறும், சில ஊர்களில் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை. அச்சிட்ட நோட்டீஸ் கடைசி வாரத்தில்தான் வரும். அதற்கு முன்பே தெரிய வேண்டுமானால் வேளார் வீட்டில் கேளுங்கள்: பிடிமண் வந்துவிட்டதா என்று. வந்துவிட்டது என்றால், சூளை வைக்கும் நாளையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திருவிழாவுக்கு ஊரே வரும். சூளைக்கு அவர் வீட்டார் மட்டும்தான் விழித்திருப்பார்கள், உடன் இருக்க வருகிறவரை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.